மூலை

டிசம்பர் 7, சனி
அப்பா அரை டம்ளர் கஞ்சி குடித்தார். நாளைக்கு செஸ் ஆடப் போகவில்லை என்றேன். "போலே" என்று வலது கையை ஆட்டினார்.

டிசம்பர் 8, ஞாயிறு
டிரா!
பையனுக்கு 13 வயசிருக்கும். ஆட்டத் திறமைக்குக் கொடுக்கும் ரேட்டிங் 2012 புள்ளி. எனக்கு 1612. கடைசியில் அவனிடம் ஒரு பிஷப், இரண்டு சிப்பாய். என்னிடம் குதிரை மட்டும். குதிரையைக் கொடுத்து ஜி வரிசைச் சிப்பாயைத் தின்றேன். அவனிடம் மிச்சம் ஓரத்து எச் வரிசைச் சிப்பாயும், வெள்ளைக் கட்டத்தில் மட்டுமே ஓடும் பிஷப்பும். அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலை எச்8, கறுப்புக் கட்டம். என் ராஜா அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அந்த பிஷப்பால் கிளப்பவே முடியாது, நெருக்கினால் ஸ்டேல்மேட், நகர இடமில்லாமல் ஆட்டம் டிரா. "மூலைக்குப் போயிருல, பிறகு எவனும் ஒண்ணும் பண்ண முடியாது." திண்ணையில் வைத்து அப்பா சொன்னது. அப்புறமும் பதினெட்டு நகர்த்தல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கை கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்
400 புள்ளி வித்தியாசத்துக்கு என்னிடம் எதிர்பார்ப்பது 0.08. டிராவில் எடுத்தது 0.5. வித்தியாசத்தை இருபதால் பெருக்கினால் ரேட்டிங் 8.4 கூடும். ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து போட்ட கணக்கு.
"ஜெயிச்சியால?"
டிரா என்றேன் அப்பாவிடம்.
"பிஷப்பு என்ன கலரு?"
வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டார்.
சிங்கப்பூரில் உலக சாம்பியன் செஸ் போட்டி. டிங் குகேஷைத் திருப்பி அடித்துவிட்டார். 6–6.

டிசம்பர் 10, செவ்வாய்
"ஜெயிச்சியால?" மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் 11, புதன்
தூக்கமில்லை. ஜி சிப்பாயை அந்தப் பையன் அப்போது தள்ளியிருக்கவே கூடாது. பிஷப்பைச் சும்மா ஒரு தடவை நகர்த்தியிருந்தால் என் குதிரைக்குப் போக இடமில்லை. அது அவனுக்குத் தெரியாதா? வராந்தாவில் அவன் அம்மா, "ஆயிரத்து அறுநூறுகிட்டயா டிரா பண்ணிட்டு வந்த?" என்றது காதில் விழுந்தது. அந்த ஆயிரத்து அறுநூறு பக்கத்துத் தூணில்தான் சாய்ந்து நின்றது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதான். "நீதான் நல்லா ஆடின தம்பி" என்று சொல்லப் போனேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கேவலம்.

டிசம்பர் 12, வியாழன்
மழை விடவில்லை. போனில் சிங்கப்பூர் போட்டியின் 14வது, கடைசி ஆட்டம், சத்தமில்லாமல். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிராதான் என்று வெந்நீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டிங் 55வது நகர்த்தலில் யானையைத் தப்பாக எஃப்2-இல் கொண்டுபோய் வைத்திருக்கிறார். முடிந்தது. குகேஷ்தான் சாம்பியன்.
அப்பாவிடம் சொன்னேன்.
"நம்ம ஆளா?"
"மெட்ராஸ் பையன்ப்பா. 18 வயசு."
"நீ?"
"டிரா. வெள்ளை பிஷப்பு."
கொஞ்ச நேரம் கழித்து, "மூலை கறுப்பால?" என்றார்.

டிசம்பர் 13, வெள்ளி
தாமிரபரணி பெருகி குறுக்குத்துறை கோயிலைத் தண்ணி சூழ்ந்துவிட்டதாம். அம்மா இன்னும் சேரன்மகாதேவியிலிருந்து கிளம்பவில்லை. பத்து மணிக்கு டாக்டர் வருவார் என்றார்கள். இப்போது பன்னிரண்டரை.