பில்ட் உடைந்தால் எந்தக் கட்டத்தில் உடைந்தது?

சி, சி++ ப்ராஜெக்ட்டுகளை பில்ட் செய்ய, அதாவது மூலக் கோப்புகளை ஓடும் நிரலாக மாற்றக் கற்பவர்கள் பலர், பில்ட் வேலையை நிர்வகிக்கும் கருவியான சிமேக்கில் நேராக இறங்கிவிடுகிறார்கள். என் பார்வையில் அது தலைகீழ் வரிசை. சிமேக் எந்தக் கட்டளைகளை உங்களுக்காக ஓட்டுகிறது என்று தெரியாதவரை, அது காட்டும் எரர் எதுவும் புரியாது. ஒரு நாள் செலவழித்து கையால் பில்ட் செய்து பாருங்கள்.

மூன்று கோப்புகள் போதும். மெயின்.சி, கணக்கு.சி, கணக்கு.எச். கணக்கு.சி-யில் இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு ஃபங்ஷன், ஹெடரில் (கணக்கு.எச்) அதன் அறிவிப்பு மட்டும், மெயினில் அதற்கான அழைப்பு. ஜிசிசி என்ற கம்பைலருக்கு மைனஸ் சி கொடுத்து இரண்டு சி கோப்புகளையும் தனித்தனியே கம்பைல் செய்தால் மெயின்.ஓ, கணக்கு.ஓ என இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் (இன்னும் இணைக்கப்படாத இயந்திரக் குறியீடு) வரும். அவற்றில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை அவற்றின் மீது ஓட்டுங்கள். மெயின்.ஓ-வில் அந்த ஃபங்ஷனின் பெயருக்கு முன்னால் யூ (U) என்று இருக்கும்: பெயர் தெரியும், உடல் இங்கே இல்லை. கணக்கு.ஓ-வில் அதே பெயருக்கு டி (T) இருக்கும்: உடல் இங்கேதான். ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரின் வேலை ஒவ்வொரு யூ-வுக்கும் ஒரு டி-யைத் தேடிப் பிடிப்பது. இது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பில்ட் எரர்களில் பாதி தெளிந்துவிடும்.

இனி எரர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, பேசுவது யார் என்பதுதான். கம்பைலரா, லிங்கரா, நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லோடரா? திரையில் கடைசியாக நிற்கும் வரியைப் பார்க்காதீர்கள். மேலே போய் முதல் எரரைப் படியுங்கள், கீழே இருப்பவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்றால் அது கம்பைல் கட்டம். பெரிய ஐ ஆப்ஷனில் சரியான ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும். லைப்ரரியை நிறுவிய பிறகும் ஹெடர் இல்லையா? டெபியன், உபுண்டுவில் ஹெடர்கள் பெயரின் முடிவில் டெவ் என்று வரும் தனிப் பேக்கேஜில் இருக்கும். ஃபெடோராவில் அது டெவெல்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் லிங்கர். இங்கே ஹெடரைத் திருத்திப் பெரும்பாலும் பயனில்லை, கம்பைல் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆப்ஜெக்ட் கோப்பையோ லைப்ரரியையோ கொடுக்க மறந்திருக்கலாம். கொடுத்தும் வருகிறதென்றால் வரிசையைப் பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஸ்டாடிக் லைப்ரரியிலிருந்து (ஆப்ஜெக்ட் கோப்புகளின் தொகுப்பு) அந்த நேரம் வரை தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். ஆகவே லைப்ரரிகள் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்குப் பின்னால் வர வேண்டும். சி++ நிரலிலிருந்து சி லைப்ரரியை அழைத்தால் இன்னொரு காரணமும் உண்டு. சி++ கம்பைலர் ஃபங்ஷன் பெயரோடு வாதங்களின் வகையையும் சேர்த்து எழுதிவிடும், அதனால் பெயர்கள் பொருந்தாது. ஹெடரில் எக்ஸ்டர்ன் சி அறிவிப்பு வேண்டும்.

'மல்டிபிள் டெஃபினிஷன்' இதற்கு நேர் எதிர்: ஒரே பெயருக்கு இரண்டு உடல்கள். ஹெடரில் க்ளோபல் வேரியபிளை வரையறுத்து அதை இரண்டு சி கோப்புகளில் இன்க்ளூட் செய்தால் இது வரும். ஹெடர் இருமுறை சேர்வதைத் தடுக்கும் இன்க்ளூட் கார்ட் காப்பாற்றாது, அது ஒரு சி கோப்புக்குள் மட்டுமே செயல்படும். 2020-இல் வந்த ஜிசிசி 10-க்கு முன், மதிப்பு கொடுக்காமல் அப்படி வரையறுத்தால் சி மொழியில் சத்தமில்லாமல் ஒன்றாக்கப்பட்டது. பழைய ப்ராஜெக்ட் புதிய கணினியில் திடீரென உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு, வரையறையை ஒரே ஒரு சி கோப்பில் வையுங்கள்.

பில்ட் முடிந்து, ஓட்டும்போது ஷேர்ட் லைப்ரரியை (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி) திறக்க முடியவில்லை என்று வந்தால் அது லோடர். எல்டிடி கட்டளை எந்த லைப்ரரி காணவில்லை என்று காட்டும். யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் புதிதாக நிறுவியிருந்தால் ரூட்டாக எல்டிகான்ஃபிக் ஓட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது மேக், மேக்ஃபைலில் எழுதிய விதிகளின்படி பில்ட் கட்டளைகளை ஓட்டும் கருவி. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கட்டளை வரிக்கு முன் டேப் வேண்டும், ஸ்பேஸ் போட்டால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடும். அது தொல்லைதான், ஆபத்து வேறு இடத்தில். கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டுத்தான் எதை மறுபடி கம்பைல் செய்வது என்று மேக் முடிவெடுக்கிறது. ஹெடரைச் சார்பாக எழுதாவிட்டால், ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குப் புதிய உறுப்பைச் சேர்த்த பின், நீங்கள் தொட்ட சி கோப்பு மட்டும் புதிதாகும். மற்றது பழைய அமைப்பையே நம்பி நிற்கும். லிங்கர் வாய் திறக்காது, ஏனென்றால் அதற்குப் பெயர்கள் மட்டுமே தெரியும். நிரல் குப்பை மதிப்புகளைக் காட்டும், அல்லது தொடர்பில்லாத இடத்தில் விழும். முழுவதும் அழித்து பில்ட் செய்தால் ஓடுகிறது என்றால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். கம்பைல் கட்டளையில் மைனஸ் எம்எம்டி, மைனஸ் எம்பி இரண்டையும் சேருங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஹெடர் பட்டியல் கொண்ட .டி (.d) கோப்பு பிறக்கும். அவற்றை மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சிமேக் எளிது. மூலக் கோப்புகளை ஒரு ஃபோல்டரிலும் பில்டை இன்னொன்றிலும் வையுங்கள். பெரிய எஸ் மூலத்தைக் குறிக்கும், பெரிய பி பில்ட் ஃபோல்டரைக் குறிக்கும். பில்ட் டைப் கொடுக்காவிட்டால் மேக், அதைப் போன்ற இன்னொரு கருவியான நிஞ்ஜா இரண்டிலும் அது வெறுமையாகவே இருக்கும்: ஆப்டிமைசேஷனும் இல்லை, டீபக் தகவலும் இல்லை. நிரல் மெதுவாக ஓடுகிறது என்று குறியீட்டைக் கிளறும் முன் ரிலீஸ் கொடுத்துப் பாருங்கள். கம்பைலரை மாற்ற வேண்டுமானால் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிட்டுத் தொடங்குங்கள், பழைய தேர்வுகள் கேஷில் தங்கியிருக்கும். உண்மையில் ஓடும் கட்டளையைப் பார்க்க, பில்ட் கட்டளையோடு வெர்போஸ் சேருங்கள்.

பெரிய சி++ ப்ராஜெக்ட்டில் சிசி1ப்ளஸ் (ஜிசிசியின் சி++ கம்பைலர்) கொல்லப்பட்டது என்று ஒரு வரி வந்தால் குறியீட்டில் தவறு தேட வேண்டாம். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்திருக்கும். டெம்ப்ளேட் அதிகமுள்ள ஒரே கோப்பு 1 ஜிபிக்கு மேல் கேட்கலாம். ஒரே நேரத்தில் 16 கோப்புகளை கம்பைல் செய்ய மைனஸ் ஜே 16 கொடுத்திருந்தால் 4 ஆகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள், முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மேக் மீதியைத் தொடரும்.