பனிச்சறுக்குப் படங்களும் எஸ்டேட் பாதையும்

ஜனவரி 5, சேலம்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஸ்டுடியோவும் காலி. ஏற்காட்டு எஸ்டேட் பாதையில் சைக்கிள் இறக்கும் பையன்கள் ஒரு வீடியோ கேட்டிருக்கிறார்கள். அதற்காக அண்ணனும் நானும் பனிச்சறுக்குப் படங்களாகப் போட்டுப் பார்க்கிறோம். சரிவில் இறங்குகிறவனை எப்படி எடுப்பது என்று அந்தப் படக்காரர்களைவிட யாருக்குத் தெரியும்?

அமெரிக்கப் பனிச்சறுக்குப் படக்காரர் வாரன் மில்லர் 1950 முதல் வருடம் ஒரு படம் எடுத்தார். ஆரம்ப காலத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோய், மேடையில் நின்று தானே பேசினார். விழுந்து புரள்கிறவர்களும் அதில் உண்டு. சறுக்கவே தெரியாதவனும் சிரிக்கலாம். 1995இல் தொடங்கிய டெட்டன் கிராவிட்டி ரிசர்ச் என்ற படக் கம்பெனி வேறு ரகம். அலாஸ்காவின் செங்குத்துச் சரிவு, ஹெலிகாப்டரில் ஆடாத கேமரா, அதிரும் பாட்டு. அண்ணன் அதில் மயங்கிவிட்டார். "ட்ரோனை ஏத்து தம்பி, மத்ததை எடிட்ல பாத்துக்கலாம்."

ஜனவரி 7

என் ஓட்டு ஸ்வீட்கிராஸ் என்ற படக் குழுவுக்கு. 2014இல் வந்த 'ஆஃப்டர்க்ளோ'வில் ராத்திரி மலைமேல் வண்ண விளக்கு அடித்து, சறுக்குகிறவர்களுக்கு எல்இடி உடை மாட்டி எடுத்தார்கள். மனதில் படம் முடிந்த பிறகுதான் மலை ஏறியிருக்கிறார்கள். 2015 மார்ச் 20 முழுச் சூரிய கிரகணத்துக்காக ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போன இன்னொரு குழு இதைவிடப் பிடிவாதம்: மறைந்த சூரியனுக்கு முன்னால் ஒரு சறுக்கு வீரர், அந்த ஒரு போட்டோ வேண்டும். கிடைத்த நேரமோ இரண்டரை நிமிடம் போல. மேகம் வந்திருந்தால் எல்லாம் போச்சு.

"விளக்குப் படத்துக்கு ஃபிலிப்ஸ் காசு கொடுத்தான். நமக்கு?" என்றார் அண்ணன். பதில் இல்லை.

ஜனவரி 11, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மூடுபனி. ட்ரோன் பெட்டியிலேயே கிடந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆட்டோ மோடில் விட்டால் கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். பனியில் எடுப்பவர்கள் வெளிச்சத்தை ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி வைப்பார்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). இங்கேயும் ஒரு ஸ்டாப் கூட்டினேன், மூடுபனி வெளுத்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே முக்காலியைப் போட்டு, ஃப்ரேமை அசைக்காமல் நின்றேன். முதலில் கல் தெறிக்கும் சத்தம், பிரேக் கிறீச்சிடல், அப்புறம் சிவப்பு ஹெல்மெட், கடைசியில்தான் ஆள். "இன்னொருக்கா மேல போங்க கண்ணு" என்று பையனை அனுப்பியது அண்ணன்தான்!

ஜனவரி 12

அந்த ஷாட்டுக்குப் பாட்டு வேண்டும் என்கிறார் அண்ணன். பிரேக் சத்தம் போதும் என்கிறேன். சரி, இரண்டு விதமாகவும் எடிட் செய்து அனுப்புகிறோம். பையன்கள் முடிவு செய்யட்டும்.