முகவரிப் பட்டைத் தேடலை நிறுத்த இவ்வளவு பாடா?

ஒருவழியாக நிறுத்தியாயிற்று. முகவரி போலத் தெரியாத எதை அடித்து என்டர் தட்டினாலும் பிரௌசர் அதைத் தேடுபொறிக்கு அனுப்பிவிடுகிறது. ஆபீஸ் சர்வரின் பெயரும் போகிறது, கைதவறி பேஸ்ட் ஆன பாஸ்வேர்டும் போகிறது. இதை நிறுத்த வெளிப்படையாக ஒரு பட்டன் வைக்காதது அநியாயம்.

எல்லோரும் ஏமாறும் இடம் ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் இருக்கும் "தேடல் பரிந்துரைகள்" டிக். அதை எடுத்தால் அடிக்க அடிக்க வரும் பரிந்துரைகள்தான் நிற்கும். என்டர் தட்டியதும் சொல் போய்விடும். டிக்கையும் எடுங்கள், ஆனால் வேலை அதோடு முடியாது.

உண்மையான சுவிட்ச் அபவுட்:கான்ஃபிக் (முகவரிப் பட்டையில் about:config என்று அடித்தால் திறக்கும் உள் அமைப்புகள்) பக்கத்தில் இருக்கிறது. எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டு கீவேர்ட்.எனேபிள்ட் என்று தேடுங்கள் (ஆங்கிலத்தில் keyword.enabled, நடுவே புள்ளி, இடைவெளி கூடாது). ட்ரூ என்றிருப்பதை இரட்டை க்ளிக்கில் ஃபால்ஸ் ஆக்கினால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். இரண்டு சொல்லை இடைவெளிவிட்டு அடித்துப் பாருங்கள்: முகவரி சரியில்லை என்ற பிழைப் பக்கம் வந்தால் ஜெயித்துவிட்டீர்கள். பழைய பதிப்பில் ஒற்றைச் சொல்லோடு டாட்காம் ஒட்டிக்கொண்டு வேறெங்கோ போகும், பிரௌசர்.ஃபிக்ஸப்.ஆல்டர்நேட்.எனேபிள்ட் (browser.fixup.alternate.enabled) என்பதையும் ஃபால்ஸ் ஆக்குங்கள். ஃபயர்பாக்ஸை ரிஃப்ரெஷ் செய்தால் இவையெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கவனம். தேடுவதற்குத் தனிப் பெட்டி வேண்டுமென்றால் டூல்பாரை ரைட் க்ளிக் செய்து, கஸ்டமைஸில் இருந்து இழுத்துப் போடலாம்.

க்ரோமில்தான் தலைவலி. செட்டிங்ஸில் அப்படியொரு சுவிட்சே கிடையாது, சுற்றுவழிதான். தேடுபொறிகளை நிர்வகிக்கும் பக்கத்தில் சைட் சர்ச் பகுதிக்குப் போய் ஆட் கொடுங்கள். பெயரும் ஷார்ட்கட்டும் எதுவானாலும் சரி. யூஆர்எல் கட்டத்தில் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஒட்டியபடியே சதவீதக் குறி, சிறிய எஸ் (http://%s). சேமித்த பிறகு மூன்று புள்ளி மெனுவில் அதை டிஃபால்ட் ஆக்குங்கள். இனி அடித்த சொல்லை முகவரியாகவே திறக்கப் பார்த்து, கிடைக்காவிட்டால் பிழை காட்டும். விலையும் உண்டு: ஒரு சொல்லைத் தேர்ந்து ரைட் க்ளிக்கில் தேடுவதும் இந்தப் போலித் தேடுபொறிக்கே போவதால் பயன்படாது. அதனால் டிஃபால்ட்டை மாற்றும் முன்பே பழைய தேடுபொறிக்கு ஓரெழுத்து ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிரௌசரிலுமே ஒற்றைச் சொல், பெயருக்கான எண் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் சர்வருக்குப் போகத்தான் செய்யும். பாஸ்வேர்ட் விஷயத்தில் அசட்டை வேண்டாம்.

இவ்வளவு மாற்ற விருப்பமில்லாதவர்கள் உள் சர்வர் பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு போடுங்கள். தேடாமல் நேரே போகும்.