காயம்பட்ட நீர்ப்பறவைகளும் அவற்றுக்காகக் காத்திருக்கும் வேலையும்

யாழ்ப்பாணத்தில் கால்நடை வைத்தியராகப் பணியாற்றும் என்னிடம் நாள்தோறும் கொண்டுவரப்படுபவை பெரும்பாலும் மாடுகளும் ஆடுகளும் நாய்களுமே. ஆயினும் ஐப்பசியில் மாரி தொடங்கி, வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் கடல்நீரேரியில் இறங்கும் காலத்தில், உரப்பைகளிலும் மட்டைப் பெட்டிகளிலும் நீர்ப்பறவைகள் வரத் தொடங்கிவிடும். ஆரியகுளத்தைச் சுற்றியும் பண்ணைக் கடற்கரையிலும் மாலையில் நடக்கப் போகிறவர்களே அவற்றைக் கண்டு தகவல் சொல்கிறார்கள்.

அந்த அழைப்புகளில் கணிசமானவை காயமே இல்லாத பறவைகளைப் பற்றியவை. நீர்க்காகத்தின் சிறகு நீரில் ஊறிவிடும் இயல்புடையது; மீன் பிடித்த பின் அதை விரித்து வெயிலில் உலர்த்தும்போது, பார்ப்பவர் சிறகு முறிந்துவிட்டதாக எண்ணிப் பதறுகிறார். ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொண்டு ஓய்வெடுக்கும் நாரைக்கும் இதே கதிதான். ரொறன்ரோவில் வசிக்கும் என் உறவினர் ஒருவர், பூங்காவொன்றில் கனடா வாத்துகள் பறக்காமல் நடந்து திரிவதைப் படமெடுத்து, நோயோ என்று கேட்டு அனுப்பியிருந்தார். அவை கோடையில் பறக்கும் இறகுகளை ஒருசேர உதிர்த்துவிட்டு, புதியவை வளரும்வரை சில வாரங்கள் தரையிலேயே இருப்பவை. அந்நேரத்தில் அவற்றை விட்டுவைப்பதே உதவி. ஆகவே யார் அழைத்தாலும், இரண்டு சிறகுகளும் ஒரே அளவாக மடிந்திருக்கின்றனவா, கிட்டப் போனால் விலகிச் செல்கிறதா என்பவற்றையே முதலில் கேட்கிறேன்.

உண்மையான காயங்களில் நான் அதிகம் காண்பது தங்கூசி எனப்படும் நைலோன் இழையால் வருவது. தூண்டில் போடுபவர்கள் அறுத்தெறியும் இழையும், தடைசெய்யப்பட்டிருந்தும் இன்னமும் பாவனையிலுள்ள தங்கூசி வலைகளின் கிழிந்த துண்டுகளும் கரையோரச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் உக்காமல் கிடக்கின்றன. தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் மரங்களில் சிக்கி நிற்கும் பட்ட நூலும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். கடந்த மாரியில் வந்த காட்டுத் தாரா ஒன்றின் காலில் இழை வெளியே தெரியவில்லை. கணுவுக்கு மேலே தோல் வளையமாக வீங்கியிருந்தது. உப்புநீரால் நனைத்து ஊறவைத்து, மெல்லிய இடுக்கியால் தடவியபோதுதான் சதைக்குள் புதைந்திருந்த இழையின் ஒரு சுற்று மினுங்கியது. அதை அறுத்து எடுத்த பின், அதற்குக் கீழே விரல்களில் சூடு திரும்புகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக் கொண்டுவந்திருந்த மீனவர், “டொக்டர், கொஞ்சம் தண்ணி பருக்கட்டோ?” என்று கேட்டார். “வேண்டாம் அண்ணை, பெட்டியை மூடி இருட்டிலை வையுங்கோ” என்றேன். பறவையின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், வாயில் ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். மார்பை இறுக்கிப் பிடிப்பதும் அத்தகைய ஆபத்துத்தான். உதரவிதானம் இல்லாத அந்த உடலில் மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு.

இந்தப் பணியில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. இலகுவாகக் கைக்குள் அகப்படும் பறவை, பெரும்பாலும் மார்பெலும்பு கத்திபோல் துருத்தி நிற்குமளவுக்கு மெலிந்து, வைத்தியம் எட்டாத நிலைக்குப் போய்விட்டது. காப்பாற்றக்கூடிய நிலையில் இருப்பதோ இன்னும் பறக்கிறது, பிடிபடாது. காலில் இழை தொங்கப் பறக்கும் பறவையைக் கூட்டமாகத் துரத்துவதை நான் அனுமதிப்பதில்லை, ஏனெனில் நீண்ட கால்களையுடைய பூநாரை போன்றவை அந்த ஓட்டத்தினால் தசைகள் சிதைந்து, பிடிபட்ட பின்னரும் இறந்துபோகலாம். அதன் கூட்டம் எங்கே மேய்கிறது, எந்நேரம் கரைக்கு வருகிறது என்று பொறுமையாகப் பார்த்து, தாராவாயின் ஒரே இடத்தில் சிறிது நெல் தூவிப் பழக்கி, வலை வீசத் தெரிந்த ஒருவரோடு விடியற்காலையில் போவதே பலன் தந்திருக்கிறது. பாண் துண்டுகளை எறிவதை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். அவை வயிற்றை நிரப்புமே தவிர உடலைத் தேற்றா.

சிறகு முறிந்தவற்றை உடம்போடு சேர்த்துக் கட்டி அசையாமல் வைத்தால், பறவை எலும்பு இரண்டு மூன்று வாரங்களில் பொருந்திவிடும். கட்டு அவிழ்ந்தவுடன் விட்டுவிட முடியாது. இறகைக் கோதி எண்ணெய் பூசிக்கொள்கிறதா, நீரில் விட்டால் நனையாமல் மிதக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேறியதை வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்களின் அன்பை நான் மதிக்கிறேன், எனினும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கும் நாட்டில் இது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட வேண்டியது. 1992 என்ற அவர்களது இலக்கம் என் மேசைக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. வலசைப் பறவையாயின் காலமும் நெருக்குகிறது, பங்குனி சித்திரையில் அதன் இனம் வடக்கே திரும்பிவிடும். ஆகவே மாசி மாதத்துக்குள் அதைத் தன் கூட்டம் மேயும் நீருக்கே கொண்டுபோய் விடுவதற்குத்தான் முயல்கிறோம்.