ஃபார்மசி சிமுலேஷன் வகுப்புக்குத் தயாராவது எப்படி?

சிமுலேஷன் வகுப்புக்குப் போகும் ஜூனியர்கள் பலர் முதல் நாள் இரவு மருந்தியல் புத்தகத்தையே மறுபடி புரட்டுகிறார்கள். அந்த வகுப்பை முடித்து வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வி கேட்கப் பழகிக்கொண்டு போங்கள்.

வகுப்பில் நீங்கள் மருந்தாளுநர்; எதிரே உட்காருபவர் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர். 1960களில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. நடிப்பவருக்குத் தரும் குறிப்பில் சில விஷயங்கள் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டியவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கும் ஒருவர் முட்டி வலிக்கு ஐபுபுரோஃபென் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்றால் "இல்லை" என்பார். வருஷக்கணக்கில் விழுங்கும் மாத்திரை அவர் கணக்கில் மருந்தே இல்லை. "காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன மாத்திரை போடுவீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள், வார்ஃபரின் வெளியே வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். சரியாகக் கேட்காவிட்டால் அந்த மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

புது மருந்து என்றால் விளக்கத் தொடங்குமுன், அது எதற்கு என்று டாக்டர் சொன்னார், எப்படி எடுக்கச் சொன்னார், என்ன பலன் தெரியும் என்றார் என்று அவரிடமே கேளுங்கள். விடுபட்டதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும். முடிவில் "புரிந்ததா?" வேண்டாம், எல்லோரும் தலையாட்டுவார்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. "எந்தக் கிழமை போடப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள், உடனே தெரிந்துவிடும். இன்ஹேலர் என்றால் பேச்சைவிடச் செய்து காட்டச் சொல்வதே மேல். அழுத்தும் நேரமும் மூச்சை இழுக்கும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று கையையும் வாயையும் பாருங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் வாய் கொப்பளிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

சில ஸ்டேஷன்களில், அதாவது ஒவ்வொரு நோயாளியைச் சந்திக்கும் பயிற்சிச் சுற்றுகளில், நோயாளி கோபப்படுவார், அழுவார். அப்போது ஆலோசனையை நிறுத்துங்கள். கொஞ்சம் பொறுத்து, என்ன கவலை என்று கேளுங்கள். இது வெறும் நாகரிகம் என்று நான் நினைக்கவில்லை; பயத்தில் இருப்பவர் காதில் டோஸ் ஏறாது.

முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலில் மதிப்பெண் கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். நடித்தவரிடம் "எந்த இடத்தில் என்னிடம் சொல்லத் தயங்கினீர்கள்?" என்று கேளுங்கள். வேறு யாராலும் தர முடியாத பதில் அது.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு நண்பர் போதும். மறைக்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, முதலில் நீங்களே நோயாளியாக உட்காருங்கள்.