அவர் எழுதாமல் விட்ட வரி

கௌரவத் தூதர் என்றதும் எனக்கு யான் ஸ்வார்டெண்டைக் ஞாபகம்தான் வரும். லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் பிலிப்ஸ் கம்பெனிக்காரர். 1940 ஜூனில் நெதர்லாந்தின் தூதர் பொறுப்பும் அவர் தலையில் வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே யூத அகதிகள் வாசலில் நின்றார்கள். போலந்தில் நாஜிகள், ஊருக்குள் சோவியத் படை. எங்கே போவார்கள், பாவம்?

கரீபியன் கடலில் நெதர்லாந்து வசமிருந்த குரசாவ் தீவுக்கு அன்று விசா வேண்டாம், ஆனால் இறங்க ஆளுநரின் அனுமதி வேண்டும். இவர் பாஸ்போர்ட்டில் முதல் பாதியை மட்டும் பிரெஞ்சில் எழுதினார். ஆளுநர் விஷயத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த எழுதாத வரிதான் அத்தனை பேரின் உயிர்! அதைக் காட்டித்தான் பலர் அதே ஊரிலிருந்த ஜப்பான் துணைத்தூதர் சியுனே சுகிஹாராவிடம் ஜப்பான் வழியாகப் போகும் விசா வாங்கினார்கள். சில நாட்களிலேயே ஸ்வார்டெண்டைக் அந்த வரியை இரண்டாயிரம் பேருக்கும் மேல் எழுதிக் கொடுத்தார். கை என்ன வலி வலித்திருக்கும்!

சுகிஹாராவை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். 1984இல் இஸ்ரேலிலுள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தது. ஸ்வார்டெண்டைக்கின் முறை வந்தது 1997இல். அதற்குள் அவர் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது.