கைக்கு எட்டிய இரும்பு, பாசியின் வாய்க்கு எட்டுமா?

மழை ஓய்ந்து கடல் கொஞ்சம் தெளிந்ததும் மும்பையில் ப்ராஜெக்ட் சீசன் தொடங்கிவிடும். மாஹிம், வெர்சோவா, சாசூன் டாக் என்று நாலு இடத்தில் தண்ணீர் எடுப்பார்கள். உலோகத்தின் அளவைச் சொல்லும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கொடுத்து இரும்பு, செம்பு, துத்தநாகத்துக்கு எண் வாங்குவார்கள். பக்கத்தில், பாசி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் குளோரோபில் அளவை வைத்து எக்செல்லில் ஒரு கோடு இழுப்பார்கள். சயான், செம்பூரிலிருந்து இந்த வேலையில் இறங்கும் நம் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் எதையும் சொல்லாது. தண்ணீரில் இருக்கிற உலோகம் வேறு, பைட்டோபிளாங்க்டன், அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசி, எடுத்துக்கொள்ள முடிகிற உலோகம் வேறு.

இரும்பையே எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் நிறைந்த, பிஎச் 8.1 உள்ள கடல்நீரில் அது துருவாகப் படியவே பார்க்கும். துணையில்லாமல் கரைந்து நிற்கக்கூடியது 0.1 நானோமோலாருக்கும் குறைவு (நானோமோலார் என்பது லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஆனால் ஆழ்கடலில் 0.4 முதல் 0.8 நானோமோலார் வரை கரைந்த இரும்பு கிடைக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பவை லிகண்டுகள் என்ற கரிமப் பொருட்கள், அதாவது இரும்பைப் பிடிக்க பாக்டீரியா சுரக்கும் சைடரோஃபோர், மக்கிய தாவரத்திலிருந்து வரும் ஹியூமிக் பொருட்கள், செத்த செல்லின் மிச்சங்கள். கரைந்த இரும்பில் 99 சதவீதத்துக்கு மேல் இவற்றின் பிடியில்தான் இருக்கிறது. பிடி தளர்வாக இருந்தால் டையாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒரு வகை நுண்பாசி) தன் செல் பரப்பிலுள்ள ரிடக்டேஸ் நொதியால் இரும்புக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்து, Fe³⁺ஐ Fe²⁺ ஆக மாற்றி, கழற்றி எடுத்துக்கொள்ளும். உடும்புப் பிடியாக இருந்தால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வளர்ப்புக் குடுவையில் டெஸ்ஃபெரியாக்சமின் பி என்ற வலுவான சைடரோஃபோரைப் போட்டால் மொத்த இரும்பின் அளவு துளியும் மாறாது, பாசி மட்டும் பட்டினியில் சுருங்கும். குளோரோபில் ஒளிர்வில் அளக்கும் எஃப்வி/எஃப்எம், அதாவது ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் எண், 0.6 அளவிலிருந்து 0.3 பக்கம் இறங்குவதைப் பார்க்கலாம்.

கழற்றிய இரும்பை உள்ளே இழுக்கும்போது டையாட்டம் பயன்படுத்தும் ஆக்சிடேஸ் நொதியில் செம்பு உண்டு. அதனால் செம்பு குறைந்தால் இரும்பை எடுப்பதும் தடுமாறும். அதே செம்பு கூடினால் விஷம். திறந்த கடலில் மொத்த செம்பு 0.5 முதல் 4 நானோமோலார் வரை இருந்தாலும், எதனுடனும் சேராத செம்பு அயனி மேற்பரப்பில் 10⁻¹³ மோலார் அளவுதான். அது 10⁻¹¹ஐத் தொட்டாலே சினெக்கோகாக்கஸ் போன்ற சிறு சயனோபாக்டீரியா திணறத் தொடங்கும். டையாட்டங்கள் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். ஆக, இரண்டு இடத்தில் மொத்த செம்பு ஒரே 20 நானோமோலார் என்று வந்தாலும், லிகண்ட் நிறைந்த இடத்தில் ஒன்றும் ஆகாது, லிகண்ட் தீர்ந்த இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும்.

பாசிக்கு எவ்வளவு வேண்டும்? 15 இனங்களை ஆய்வகத்தில் வளர்த்து அளந்து 2003ல் வெளியான சராசரிப்படி, 1000 பாஸ்பரஸ் அணுவுக்கு இரும்பு 7.5, மாங்கனீஸ் 3.8, துத்தநாகம் 0.8, செம்பு 0.38, கோபால்ட் 0.19. இந்த விகிதம் கல்வெட்டு அல்ல. தலாசியோசைரா வெய்ஸ்ஃப்ளோகி என்ற டையாட்டம், துத்தநாகம் கிடைக்காதபோது, கார்பன் டை ஆக்சைடை எடுக்க உதவும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியில் கேட்மியத்தை வைத்து ஒப்பேற்றிவிடும். நாம் விஷம் என்று மட்டுமே படித்த கேட்மியம்!

இரும்பு கொடுத்தால் மட்டும் போதுமா என்பதற்கும் பதில் உண்டு. 2009ல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய், தென்பெருங்கடலில் சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில் இரும்பைக் கரைத்தார்கள். லோஹாஃபெக்ஸ் என்று பெயர். அங்கே சிலிக்கேட் ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் டையாட்டம் பெருகவில்லை. சின்ன பாசிகள் கொஞ்சம் பெருகின, அவற்றையும் மேய்ச்சல் விலங்குகள் தின்று தீர்த்தன.

மும்பைக் கரைக்கு வருவோம். தாணே கழிமுகத்திலோ மாஹிமிலோ இரும்புப் பஞ்சம் தேடுவது வீண் வேலை. அங்கே சேற்றுக் கலங்கலில் வெளிச்சம்தான் பற்றாக்குறை. கேட்க வேண்டிய கேள்வி செம்பைப் பற்றியது. படகின் அடியில் பூசும் பாசித்தடுப்பு பெயிண்டிலிருந்து செம்பு கசிகிறது, சாக்கடை நீரிலிருந்து லிகண்டும் வருகிறது. எது முந்துகிறது? இதற்கு மொத்த அளவு மட்டும் போதாது, லிகண்ட் அளவும் வேண்டும். வடிகட்டிய நீரைப் பத்துப் பன்னிரண்டு டெஃப்லான் குப்பிகளில் பிரித்து, செம்பைப் படிப்படியாகக் கூட்டி, செம்புக்காக லிகண்டோடு போட்டியிடும் சாலிசில்ஆல்டாக்சைம் சேர்த்து, ஓர் இரவு விட்டு, மின்னோட்டத்தை வைத்து அளக்கும் வோல்டாமெட்ரியில் அளக்க வேண்டும். இந்த மாதிரிக்கு அமிலம் சேர்க்கவே கூடாது. மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள்.

மொத்தக் கரைந்த உலோகத்துக்கான மாதிரிக்கு அமிலம் வேண்டும், ஆனால் வடிகட்டிய பிறகு. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கலங்கல் நீரில் முதலில் அமிலத்தை ஊற்றினால் சேற்றுத் துகளிலுள்ள இரும்பெல்லாம் கரைந்து வந்து, "கரைந்த இரும்பு" என்ற பெயரில் அட்டவணையில் உட்கார்ந்துகொள்ளும். 0.2 மைக்ரான் ஃபில்டர், பிறகு 250 மி.லி. நீருக்கு 12 மோலார் அதிதூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.5 மி.லி. பிஎச் 1.8 பக்கம் வரும். மும்பைத் தண்ணீருக்கு ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அழுத்திப் பிழியாதீர்கள். அடைத்த ஃபில்டரில் துளை சுருங்கி, கூழ்ம இரும்பும் அங்கேயே நின்றுவிடும், எண் குறைவாக வரும். புது ஃபில்டர் மாற்றுங்கள்.

மாசு எவ்வளவு சுலபமாக நுழையும் என்பதற்கு ஒரு கணக்கு. கண்ணுக்கே தெரியாத ஒரு மைக்ரோகிராம் இரும்பு ஒரு லிட்டரில் விழுந்தால் 18 நானோமோலார். திறந்த கடல் மேற்பரப்பின் 0.1 நானோமோலாரோடு ஒப்பிட்டால் 180 மடங்கு. லோக்கல் ரயில் பாதையோரம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டில் மூடியைக் கழற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் எல்டிபிஇ பிளாஸ்டிக். ப்ரின்சஸ் ஸ்ட்ரீட்டில் வாங்கியதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். சோப்புக் கரைசலில் ஒரு நாள், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு வாரம், 18.2 மெகாஓம் அதிதூய நீரில் ஐந்து முறை அலசல், பிறகு இரட்டை ஜிப் கவர். கையுறையில் பவுடர் இருக்கக் கூடாது, அதில் துத்தநாகம் வரும். கருப்பு ரப்பர் வளையமும் அப்படியே. ஆழத்து நீரைப் பிடிக்கும் நிஸ்கின் பாட்டிலின் உள்ளே இருக்கும் ரப்பரை முதலில் மாற்றுங்கள். படகில் இன்ஜினை அணைத்து, காற்று வரும் பக்கம் முகப்பைத் திருப்பி, முகப்பிலிருந்து நீளமான பிளாஸ்டிக் கம்பில் பாட்டிலைக் கட்டி எட்டி எடுக்க வேண்டும். பின்பக்கம் டீசல் புகை, படகு அரிக்காமல் காக்கும் துத்தநாக ஆனோடு, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து காத்திருக்கும்.

ஐசிபி-எம்எஸ்ஸில் கடல்நீரைப் பத்து மடங்கு நீர்த்து நேராகக் கொடுத்தால், ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து நிறை 56ல் இரும்பாக வேஷம் போடும். ஆர்கானும் சோடியமும் சேர்ந்து நிறை 63ல் செம்பாகும். உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் கீலேட் ரெசினில் பிஎச் 6 அளவில் அதைப் பிடித்து, உப்பைக் கழுவிவிட்டு, பிறகு அளப்பதே சரி.

வளர்ப்பு ஊடகத்தில் இன்னொரு குழி. பாசி வளர்க்கப் பரவலாகப் பயன்படும் எஃப்/2 ஊடகத்தில் இரும்பு 11.7 மைக்ரோமோலார், திறந்த கடலைவிட லட்சம் மடங்கு. பாசி பெருக்க நல்லது, உலோகக் கிடைப்பை ஆராய உதவாது. பெருக்குவதற்கானாலும் வரிசை முக்கியம். உலோக ஸ்டாக்குக்கு (அடர்கரைசலுக்கு) 950 மி.லி. தூய நீரில் முதலில் உலோகத்தைப் பிடித்து வைக்கும் டைசோடியம் ஈடிடிஏ 4.36 கிராம், அடுத்து ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 3.15 கிராம். தெளிந்த மஞ்சளாக நின்றால் சரி. அதன் பிறகே செம்பு, துத்தநாகம், கோபால்ட், மாங்கனீஸ், மாலிப்டினம் ஸ்டாக்குகளில் ஒவ்வொரு மி.லி., கடைசியில் ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். இதிலிருந்து ஒரு லிட்டர் கடல்நீருக்கு 1 மி.லி. ஜூன் மாத ஈரத்தில் ஃபெரிக் குளோரைடு டப்பாவைத் திறந்தால் கட்டிகள் பழுப்புப் பாகாக வழியும். அதை எடை போட்டால் பாதி தண்ணீரைத்தான் எடை போடுகிறீர்கள். புது டப்பா வாங்குங்கள். ஸ்டாக்கை இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் இரும்பு-ஈடிடிஏ உடையும்.

எல்லாவற்றையும் கலந்து, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், மறுநாள் குடுவை அடியில் பாஸ்பேட் மாவாகப் படிந்திருக்கும். நீராவி வழியே குழாய்களின் செம்பும் இரும்பும் கூட வரும். கடல்நீரைத் தனியே கிருமிநீக்கம் செய்து, ஆறியதும் சத்துகளை 0.2 மைக்ரான் வழியாகச் சேருங்கள்.

உலோக வேலைக்கு மஞ்சள் பிப்பெட் டிப் வேண்டாம். சில மஞ்சள் நிறமிகளில் கேட்மியம் உண்டு. நிறமில்லாத டிப்பையும் 10 சதவீத அமிலத்தை மூன்று முறை உறிஞ்சித் துப்ப வைத்த பிறகே மாதிரியைத் தொட விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஆய்வகத்திலிருந்து தூய நீர் ஒரு பாட்டில் படகில் போய், அதே ஃபில்டரில் இறங்கி, அதே அமிலம் வாங்கித் திரும்பி வரட்டும். அந்த வெற்று மாதிரியின் இரும்பு, உங்கள் மாதிரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த நாளின் இரும்பு எண்ணை அட்டவணையில் ஏற்றாதீர்கள்.